துணைக்கு ஆள் இல்லாமல் நான் ஓட்டுப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. பிறவியிலேயே பார்வை இல்லை. எம்.ஏ. முடித்து ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஸ்கிரீன் ரீடர் உதவியோடு ஆபீஸ் வேலை முழுவதையும் நானே செய்கிறேன். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் என் ஓட்டை நான் போடவில்லை. தனியாகப் போடுகிறேன் என்றுதான் சொன்னேன். "ரூல்படி துணைக்கு ஆள் வேணும்மா" என்று சொல்லி, கூட வந்திருந்த அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரையும் உள்ளே அனுப்பினார்கள். அவர்தான் அழுத்தினார். நான் சொன்ன சின்னத்தில்தான் அழுத்தினாரா என்று இன்றுவரை தெரியாது. அண்ணனுக்கும் எனக்கும் அரசியலில் ஒத்துவராது. கேட்கவும் மனசு வரவில்லை. அடுத்த முறை வீட்டிலிருந்தே ஓட்டுப் போட மனு கொடுத்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம் என்கிறார் எங்கள் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்). அது நல்லதா? தனியாகப் போட்டால் மெஷின் என் ஓட்டைச் சரியாக எடுத்துக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளிநாடுகளில் பேசுகிற மெஷினே இருக்கிறதாமே, நமக்கு ஏன் இல்லை? எங்கள் ஊர் கிராம ஊராட்சி என்பதால் உள்ளாட்சித் தேர்தல் பற்றியும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில் (தேர்தல் பிரிவில் துணை வட்டாட்சியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாக்குச்சாவடி அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர்):

அன்புள்ள சகோதரி,

முடியும். நீங்கள் மட்டும் மறைப்புக்குள் போய், உங்கள் விரலால் அழுத்தி ஓட்டுப் போடலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. உங்களிடம் சொன்ன அந்த "ரூல்" தலைகீழாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அவர்கள் மனதில் இருந்தது 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-என் என்ற விதி. அது எப்படித் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். பார்வையின்மையாலோ வேறு உடல் குறைபாட்டாலோ ஒரு வாக்காளரால் சின்னத்தை அடையாளம் காண முடியவில்லை, அல்லது உதவியில்லாமல் பொத்தானை அழுத்த முடியவில்லை என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் தெரியவந்தால், 18 வயது நிரம்பிய ஒரு துணையாளரை அவர் அனுமதிக்க வேண்டும். விதி அவ்வளவுதான். "முடியவில்லை" என்பதுதான் அதன் அடிப்படை. "என்னால் முடியும்" என்று வாக்காளரே சொல்லும்போது அந்த விதிக்கு அங்கே வேலையே இல்லை. துணையாளர் என்பது உங்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்குள் அடங்கியதுதான்.

ஏன் இப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்றால், பயிற்சி வகுப்பில் இந்தப் பகுதி எப்போதும் கடைசியில் வரும். மாதிரி வாக்குப்பதிவு, சீல் வைப்பது, 17-சி படிவம், கணக்கு ஒப்படைப்பு என்று எல்லாம் முடிந்து, எல்லோரும் பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், "பார்வையற்றவர் வந்தால் துணையாளரிடம் உறுதிமொழி வாங்கி 14-ஏ படிவத்தில் எழுதுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்டவர் மனதில் "பார்வையற்றவர் என்றால் 14-ஏ" என்று பதிந்துவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியால் உங்கள் ரகசியம் போய்விட்டதே, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அண்ணன் என்ன அழுத்தினார் என்பதை இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. பதிவான ஓட்டை யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடிதான் அந்த மெஷினே அமைந்திருக்கிறது. அவர் நீங்கள் சொன்னபடியே செய்திருக்கவும் கூடும். ஆகவே அதைப் பற்றி அவரிடம் கேட்டு வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் யோசனை. அடுத்த தேர்தலுக்குத் தயாராவதில் அந்தச் சக்தியைச் செலவழியுங்கள். அதற்குச் செய்ய நிறைய இருக்கிறது.

வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் யோசனையை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பி.எல்.ஓ. சொல்வது 12-டி படிவம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களும், 85 வயதைத் தாண்டியவர்களும் அதை நிரப்பிக் கொடுத்தால், தேர்தல் அலுவலர்கள் குழுவாக வீட்டுக்கே வந்து தபால் வாக்குச் சீட்டில் ஓட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். படுக்கையில் இருப்பவருக்கும், தண்டுவடம் பாதித்து வீட்டை விட்டு நகர முடியாதவருக்கும் இது உண்மையிலேயே பெரிய வரம். அவர்களுக்கு நானே சிபாரிசு செய்வேன். உங்களுக்கு வேண்டாம்.

காரணம் இதுதான். பூத்தில் இருக்கும் மெஷினில் உங்கள் விரலுக்குப் புலப்படும் பிரெயில் எண் இருக்கிறது. வீட்டுக்கு வருவது காகிதச் சீட்டு. அதில் உங்கள் விரலுக்கு எதுவும் தெரியாது. பேனாவால் எங்கே குறியிடுவது என்பதைப் பார்வையுள்ள ஒருவர்தான் காட்ட வேண்டும், அல்லது அவரே போட வேண்டும். நடுக்கூடத்தில், வீட்டார் எல்லோரும் இருக்கும் இடத்தில், அதே அண்ணன் துணையோடு. அலைச்சல் மிச்சமாகும், ரகசியம் மிச்சமாகாது. அதோடு, 12-டி ஏற்கப்பட்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். பிறகு மனசு மாறி பூத்துக்குப் போனால் உங்களை அனுமதிக்க முடியாது. ஆகவே பி.எல்.ஓ. படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினால், "எனக்கு வேண்டாம், நான் பூத்துக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். வீட்டில் யாராவது உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பூத்துக்குள் போவோம்.

நீங்கள் அழுத்த வேண்டிய பெட்டிக்குப் பேலட் யூனிட் என்று பெயர். வேட்பாளர் பெயரும் சின்னமும் இருக்கும் வரிசைகள் மேலிருந்து கீழாக 16. ஒவ்வொரு வரிசையின் வலப்பக்க ஓரத்திலும் ஒரு நீலப் பொத்தான். அந்தப் பொத்தானை ஒட்டி பிரெயிலில் வரிசை எண். 2004-ல் ஐதராபாத்தின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் இந்தப் பிரெயில் எண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று தேர்தல் ஆணையத்தின் எல்லா மெஷினிலும் அது உண்டு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய காலத்தில் கிடைத்தது அது. யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை.

ஆனால் மெஷினில் எண் மட்டும்தான் பிரெயிலில் இருக்கிறது, பெயர் இல்லை. எந்த எண்ணில் யார் என்பதை நீங்கள் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் தலைமை அலுவலரிடம் பிரெயில் மாதிரி வாக்குச் சீட்டு ஒன்று கொடுத்தனுப்பியிருப்பார்கள். வேட்பாளர் பெயர், கட்சி, வரிசை எண் எல்லாம் அதில் பிரெயிலில் இருக்கும். உள்ளே போனதும் அதைக் கேட்டு வாங்கி, மேஜையருகிலேயே நிதானமாக விரல் ஓட்டிப் படித்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மறைப்புக்குப் போக வேண்டும். பல பூத்களில் அந்தத் தாள் உறையை விட்டு வெளியே வருவதே இல்லை, கேட்க ஆள் இல்லாததால். நீங்கள் கேளுங்கள். அதை எடுத்துக் கொடுப்பது அவர்கள் கடமை.

அந்தத் தாளை மட்டும் நம்பியும் போக வேண்டாம். வேட்புமனு வாபஸ் முடிந்த அன்றே இறுதிப் பட்டியல் வந்துவிடும். மெஷினில் வரும் வரிசை அதே வரிசைதான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் அதன் பிறகு, எல்லோருக்கும் கீழே நோட்டா. நம் ஊர்ப் பிரசாரத்தில் "வரிசை எண் 3, மறந்துடாதீங்க" என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போவார்களே, அதுவும் உங்களுக்குப் பயன்படும் தகவல்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எண் உங்கள் மனதில் இருக்கட்டும். பூத்தில் தாளைப் படித்து அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேட்பாளர்கள் அதிகமானால் பெட்டிகளும் அதிகமாகும். 2024-ல் கரூரில் 54 பேர் நின்றார்கள். நோட்டாவையும் சேர்த்தால் நான்கு பெட்டி. அப்படி இருந்தால் உங்கள் எண் எத்தனையாவது பெட்டியில் வருகிறது, பெட்டிகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்கியிருக்கிறார்கள் என்பதை மறைப்புக்குள் போகும் முன்பே அலுவலரிடம் கேளுங்கள். பெட்டியின் அமைப்பைக் கேட்பதால் யாருக்கு ஓட்டு என்பது வெளியே தெரிந்துவிடாது. உங்கள் எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது நிறையப் பேர் யோசிக்காத ஒரு விஷயம். அலுவலர் மேஜையில் கன்ட்ரோல் யூனிட் என்று இன்னொரு பெட்டி இருக்கும்; அதில் அவர் பேலட் பொத்தானை அழுத்திய பிறகுதான் உங்கள் பெட்டி வேலை செய்யும். வேலை செய்யத் தயார் என்பதைக் காட்ட அதன் மேல்பகுதியில் ஒரு பச்சை விளக்கு எரியும். உங்களுக்கு அது தெரியாது. தயாராகும் முன்பே அழுத்திவிட்டு, சத்தம் வரவில்லையே என்று குழம்பி, மறுபடி தடவி வேறு பொத்தானில் கை வைத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே போகும்போதே, "பேலட் விட்டதும் வாயால் சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "விட்டாச்சும்மா" என்று அவர் சொன்ன பிறகு, வலப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, எண்ணைப் படித்து, அழுத்துங்கள். நீண்ட பீப் சத்தம் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். அந்தச் சத்தம் வந்தால்தான் ஓட்டுப் பதிவானது என்று அர்த்தம். வரவில்லை என்றால் வெளியே வராமல் அங்கிருந்தே சொல்லுங்கள்.

பிரெயில் தெரியாதவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. நடுவயதில் சர்க்கரையாலோ கண்நீர் அழுத்தத்தாலோ பார்வை போனவர்களில் பலர் பிரெயில் கற்பதில்லை. அவர்கள் பொத்தான்களை எண்ணியே போடலாம். எண் 3 என்றால் மேலிருந்து மூன்றாவது பொத்தான். ஆனால் எண்ணிப் போடும்போது விரல் ஒன்று தாண்டிவிடும் பயம் இருக்கும். பிரெயிலில் எண்கள் மொத்தமே பத்து வடிவங்கள்தான். முழுப் பிரெயிலும் கற்க வேண்டாம், இந்தப் பத்தைப் பழகிக்கொண்டால் போதும்.

பழகுவதற்கு மெஷினும் கிடைக்கும். தேர்தலுக்கு முன்பு மக்களுக்குச் செயல்முறை காட்டுவதற்காகத் தனியாகச் சில மெஷின்களை ஒதுக்குவார்கள்; அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் வைத்திருப்பார்கள், வண்டியில் ஊர் ஊராகவும் கொண்டுவருவார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பத்து முறை அழுத்துங்கள். பொத்தானுக்கும் பொத்தானுக்கும் இடைவெளி எவ்வளவு, பிரெயில் புள்ளி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அழுத்தினால் உள்ளே போகிறது என்று விரலுக்குப் பழக்கமாகட்டும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து போய், பார்வையற்றவர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சி நாள் கேளுங்கள். நான் பணியில் இருந்தபோது இப்படி யாராவது கேட்டு வர மாட்டார்களா என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

மறைப்புவரை நடந்து போக ஒரு கை வேண்டும் என்றால் அண்ணனோ தோழியோ அதுவரை வரலாம், மறைப்புக்குள் வராமல் திரும்பிவிடலாம். நடக்கச் சிரமப்படும், ஆனால் தானே அழுத்த முடிகிற வாக்காளர்களுக்கு நடைமுறை அதுதான். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதேதான். தள்ளிக்கொண்டு வருபவர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மெஷின் என் ஓட்டைச் சரியாக எடுத்துக்கொண்டதா? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான்.

பார்வையுள்ள வாக்காளர் அழுத்தியதும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார். பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் வேட்பாளரின் எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 வினாடி தெரிந்து, பிறகு அறுபட்டுக் கீழே விழுகிறது. உங்களுக்குக் கிடைப்பது பீப் சத்தம் ஒன்றுதான். அந்தச் சத்தம் "ஒரு ஓட்டுப் பதிவானது" என்று சொல்கிறது. யாருக்கு என்று சொல்வதில்லை. 5-ஐ அழுத்தினாலும் 6-ஐ அழுத்தினாலும் அதே சத்தம்தான்.

இதில் சட்டப்படியான ஒரு வேறுபாடும் இருக்கிறது. விவிபேட்டில் தவறான பெயர் வந்தது என்று வாக்காளர் நினைத்தால் புகார் செய்ய 49-எம்.ஏ என்று ஒரு விதி உண்டு. எழுத்தில் உறுதிமொழி கொடுத்தால், தலைமை அலுவலர் வேட்பாளர்களின் ஏஜென்டுகள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். பொய்ப் புகார் என்றால் தண்டனையும் உண்டு. சீட்டைப் பார்த்தவருக்குத்தான் இந்த விதி பயன்படும். நீங்கள் எதை வைத்துப் புகார் கொடுப்பீர்கள்? பேங்கில் வரும் கடிதத்தைப் போன் காமிரா வைத்துப் படித்துக்கொள்வீர்கள். இங்கே போனை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. அந்தத் தடை மற்ற வாக்காளர்களின் ரகசியத்துக்காக வந்தது, அதை எடுக்கச் சொல்ல முடியாது.

பிரெயில் எண்ணைச் சோதித்தது 2004-ல். விவிபேட் தேர்தலில் முதல்முதலாக வந்தது 2013-ல், நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில். 2019-ல் நாடு முழுவதும் எல்லாப் பூத்துக்கும் வந்துவிட்டது. தன் ஓட்டைத் தானே சரிபார்க்கும் உரிமையை எல்லா வாக்காளருக்கும் கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்த "எல்லா" என்பதில் நீங்கள் சேரவில்லை. மெஷினில் ஏற்கெனவே பிரெயில் இருந்த நாட்டில், அதன் பக்கத்தில் வைத்த புதுப் பெட்டியைக் கண்ணுக்கு மட்டுமே செய்துவிட்டார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆகவே இன்றைய நிலையில் நீங்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். தனியாகப் போட்டால் ரகசியம் முழுசாக இருக்கும், சரிபார்க்க முடியாது. துணையோடு போனால் அவர் சீட்டை வாசித்துச் சொல்வார், ரகசியம் அவரோடு பாதியாகும். எது பெரிது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், பிரெயில் நன்றாகத் தெரிந்த, மெஷினில் பழகிக்கொண்ட ஒருவர் தனியாகப் போடுவதே மேல். விரல் சரியான எண்ணைப் படித்திருந்தால் தவறு வர வாய்ப்பு மிகக் குறைவு. பழக்கம் போதவில்லை என்று தோன்றினால் துணையாளரைக் கூட்டிப் போங்கள். ஆனால் அப்போதும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள், சீட்டை வாசிக்கும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுங்கள். அவர் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 18 வயது நிரம்பிய, நீங்கள் நம்பும் எவரும் வரலாம். அன்று வேறு யாருக்கும் அவர் துணையாக இருந்திருக்கக் கூடாது, ஓட்டு விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பூத் அலுவலர் எவரும் துணையாளராக வரக் கூடாது. "நான் போட்டுவிடுகிறேன்" என்று யாராவது எழுந்து வந்தால் மறுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு மெஷின்கள் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டம், மத்திய அரசுப் பதவிகளுக்கான தேர்தலில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மாற்றுத்திறனாளி தனியாக, ரகசியமாக ஓட்டுப் போடக்கூடிய ஒரு மெஷினாவது இருக்க வேண்டும் என்றது. காதில் ஹெட்போன், கையில் தடவி அறியக்கூடிய வெவ்வேறு வடிவப் பொத்தான்கள். மெஷின் பெயர்களை வாசிக்கும். திரையை இருட்டாக்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் எதுவும் தெரியாது. கையை அசைக்க முடியாதவர்கள் ஒரு குழாயை உறிஞ்சியும் ஊதியுமே தேர்வு செய்யலாம். இவற்றில் சில மெஷின்கள் உங்கள் தேர்வைக் காகிதத்தில் அச்சடித்துத் தரும். அந்தக் காகிதத்தைத் திரும்பச் செருகினால் அதைப் படித்துக் காதில் சொல்லும். உங்கள் 7 வினாடிப் பிரச்சினைக்கு அங்கே கண்டிருக்கும் விடை இது. அங்கேயும் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. மெஷின் வந்திருக்கும், அதை இணைத்து வைக்க அலுவலருக்குத் தெரியாமல் மூலையில் கிடக்கும் என்ற புகார்கள் பல தேர்தல்களில் வந்திருக்கின்றன.

நமக்கு ஏன் இல்லை என்றால், நம் மெஷினை வேண்டுமென்றே எளிமையாக வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட் இல்லை, வைஃபை இல்லை, வெளியிலிருந்து எதையும் இணைக்க முடியாது. அதுதான் அதன் பாதுகாப்பு. ஒலி சேர்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் பெயர்களை ஏற்ற வேண்டும், ஹெட்போனுக்கு ஒரு துளை வைக்க வேண்டும். சந்தேகப்பட ஏற்கெனவே காத்திருப்பவர்களுக்கு அது இன்னொரு காரணமாகும். இந்தத் தயக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் இதோடு நின்றுவிடுவதை ஏற்க மாட்டேன். விவிபேட்டுக்குள் எண்ணும் பெயரும் சின்னமும் ஏற்கெனவே ஏற்றப்படுகின்றன. அச்சான சீட்டில் இருக்கும் எண்ணை ஒரு சென்சார் படித்து, "ஐந்து" என்று காதில் சொல்ல ஒரு ஹெட்போன் போதும். முக்கியமானது, அச்சான சீட்டையே படித்துச் சொல்ல வேண்டும். பொத்தான் அழுத்தியதை வைத்து மெஷின் சொன்னால், அது தன் கணக்கைத் தானே சரி என்று சொல்வதாகிவிடும். அதைச் சரிபார்ப்பு என்று சொல்ல முடியாது. கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்கள் ஊராட்சிக்கு வருகிறேன். இங்கே நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிக்கு மெஷின் உண்டு. கிராமப்புறத்துக்கு 2019-லும் 2021-லும் வாக்குச் சீட்டுத்தான். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு சீட்டு, நான்கு நிறம். நிறத்தாலும் சின்னத்தாலும் அடையாளம் காண வேண்டும், முத்திரையைச் சரியான கட்டத்துக்குள் குத்த வேண்டும். பார்வையற்றவருக்கு அந்த நான்கும் ஒரே மாதிரியான காகிதம். மக்களவைக்கு ரகசியமாக ஓட்டுப் போட முடிகிற நீங்கள், தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் பொறுப்பான தலைவரைத் தேர்ந்தெடுக்க மறுபடியும் இன்னொருவர் கையைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-ல் தமிழக சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது, மிக நல்ல காரியம். அந்த மன்றத்துக்கான ஓட்டையும் அவர்களே போட வழி செய்ய வேண்டாமா?

இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. அயர்லாந்தில் ராபி சினட் என்ற பார்வையற்றவர் வழக்குப் போட்டு, 2017-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகு, 2018 பொதுவாக்கெடுப்பில் தடவி அறியும் பிளாஸ்டிக் அட்டையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாக்குச் சீட்டின்மேல் அதைப் பொருத்தினால், குறியிட வேண்டிய கட்டங்களுக்கு நேராகத் திறப்பும் பக்கத்தில் பிரெயில் குறிப்பும் இருக்கும். இங்கிலாந்தில் இதேபோன்ற ஒன்று முன்பே இருந்தது. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்த வேட்பாளர் என்பதை அது சொல்லாது. 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தேர்தல் நடைமுறையின் கேலிக்கூத்து என்றே சொன்னது. ஆகவே அட்டை மட்டும் போதாது, வேட்பாளர் வரிசையைப் பிரெயிலிலோ ஒலியிலோ கூடவே கொடுக்க வேண்டும். நம் ஊராட்சிச் சீட்டுக்கு இப்படி நான்கு அட்டை செய்வது எந்த அச்சகத்துக்கும் கஷ்டமான வேலை இல்லை. நிறத்துக்குப் பதில் ஒவ்வொரு அட்டையின் மூலையையும் வெவ்வேறு விதமாக வெட்டிவிட்டால் எந்தச் சீட்டு எது என்பதும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இதைக் கேட்க உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வாக்குச்சாவடிகள் எல்லாம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், தேர்தல் தொடர்பான எல்லாப் பொருள்களும் மாற்றுத்திறனாளிகள் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியத் தேர்தல் ஆணையத்தை மட்டும் அல்லாமல் மாநிலத் தேர்தல் ஆணையங்களையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது. விவிபேட் சீட்டும் தேர்தல் பொருள்தான், ஊராட்சி வாக்குச் சீட்டும் தேர்தல் பொருள்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 29-ஆம் உறுப்பு ரகசிய ஓட்டையே உரிமையாகச் சொல்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளைக் கட்டாயமாக்க வேண்டும், வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

எனவே இப்போதே செய்ய வேண்டியவை. வாக்காளர் பட்டியலில் உங்களை மாற்றுத்திறனாளி என்று குறிக்கவில்லை என்றால் 8-ஆம் படிவம் கொடுங்கள். தேர்தல் ஆணையத்தின் செயலியிலும் பதியலாம். பூத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிரெயில் தாள் உறையிலேயே தங்கிவிடாது. தேர்தல் அன்று வாக்காளர் அட்டை கைக்கு எட்டாவிட்டால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் காட்டலாம், அதை ஏற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் இரண்டு மனு. ஒன்று, மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கு, நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. "நான் துணையாளர் இல்லாமல் வாக்களிக்க விரும்புகிறேன். விதி 49-என் எனக்குக் கட்டாயமல்ல. எங்கள் வாக்குச்சாவடியில் பிரெயில் மாதிரிச் சீட்டு வழங்கவும், பேலட் தயாரானதை வாய்மொழியாகச் சொல்லவும் அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்" என்று மூன்று வரி போதும். மற்றொன்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு, ஊராட்சி வாக்குச் சீட்டுக்கான தடவி அறியும் அட்டை கேட்டு, 11-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு. அதற்குப் பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். இதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தனி ஆளாகக் கொடுப்பதைவிட உங்கள் பகுதியில் பார்வையற்றோர் சங்கம் எதுவும் இருந்தால் அதன் பெயரிலும் ஒன்று கொடுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் மறுபடியும் துணையாளர் கட்டாயம் என்றால் சண்டை போடாமல், உங்கள் மறுப்பைத் தலைமை அலுவலரின் டைரியில் எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பெரும்பாலும் அவர் கையேட்டைப் புரட்டிப் பார்ப்பார், பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மண்டல அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது வெளியே வந்து 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் காலை நேரத்திலேயே போய்விட்டால் இதற்கெல்லாம் அவகாசம் இருக்கும். கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டை அன்று பையில் எடுத்துச் செல்லுங்கள்.